12 வயது, சுங்கை சிப்புட், மேசைப்பந்து: ஓர் அண்ணனின் கேள்விக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தங்கச்சிக்கு 12 வயது, ஆறாம் ஆண்டு. மலேசியாவில் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வீடு. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார், அம்மாவுக்குப் பள்ளிக் கேன்டீனில் வேலை, நீங்கள் ஈப்போவில் தொழிற்சாலையில். தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் இரண்டு வருடம் மேசைப்பந்து (டேபிள் டென்னிஸ்) ஆடியவள் இந்த வருடம் மாவட்டப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். மாநிலப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். திரும்பி வரும்போது வேனில் அழுதுகொண்டே "நான் உலக ஆட்டக்காரி ஆகணும்" என்றாள். இந்த ஆசையை வளர்க்கலாமா, 12 வயது ரொம்பத் தாமதமா, எங்கே அனுப்புவது, கையில் இருக்கும் காசுக்கு இது ஆகுமா? இதுதானே கேள்வி?

நான் பேராக்கில் இடைநிலைப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 26 வருடம் பள்ளி மேசைப்பந்துக் குழுவைப் பார்த்துக்கொண்டேன். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போன காலத்தில், கழற்றிப் போட்டிருந்த பழைய கதவைப் பெட்டிகள் மேல் வைத்து, நடுவில் செங்கல் அடுக்கி ஆடியவர்கள் நாங்கள். அதனால் உங்கள் வீட்டு நிலைமை எனக்குப் புரிகிறது.

கசப்பான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988இல் இந்த ஆட்டம் ஒலிம்பிக்கில் நுழைந்ததிலிருந்து 2024 பாரிஸ் வரை கொடுத்த 42 தங்கத்தில் 37 சீனாவுக்குப் போயிருக்கிறது. அங்கே ஐந்து, ஆறு வயதில் மட்டை பிடிக்கிறார்கள். உங்கள் தங்கச்சி வயதில் அந்தப் பிள்ளைகள் ஆறு வருடப் பயிற்சியை முடித்திருப்பார்கள். சீனாவுக்கு வெளியே மேலே வந்தவர்களையும் பாருங்கள். ஜப்பானின் ஹரிமோட்டோ 14 வயதில் உலகச் சுற்றுப் போட்டியில் பட்டம் வென்றான். அவன் அப்பா, அம்மா இருவருமே இந்த ஆட்டக்காரர்கள். பாரிஸில் 17 வயதில் வெண்கலம் வாங்கிய பிரெஞ்சுப் பையன் ஃபெலிக்ஸ் லெப்ரனுக்கு அப்பாவும் மாமாவும் ஆட்டக்காரர்கள். நம் சென்னை சரத் கமலுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் அவர் அப்பாவும் அப்பாவின் சகோதரரும். எல்லார் வீட்டிலும் நடக்கப் பழகும்போதே மேசை இருந்தது. உங்கள் வீட்டில் இல்லை. அதனால் உலகத்தின் முதல் ஐம்பது பேருக்குள் கொண்டுவந்து விடுவேன் என்று எந்தப் பயிற்றுநராவது சொல்லிக் காசு கேட்டால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஆனால் மலேசியச் சட்டை போட்டு நாட்டுக்காக ஆட முடியுமா என்று கேட்டால் என் பதில் வேறு. 2022இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில், முந்தைய முறை தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் குழுவைக் காலிறுதியில் 3-2 என்று வீழ்த்தியது மலேசியா. ஹோ யிங், கேரன் லைன், ஆலிஸ் சாங் ஆகியோர் ஆடிய குழு அது. இறுதியில் சிங்கப்பூரிடம் தோற்று வெள்ளியோடு வந்தார்கள். நம் நாட்டில் பெண்கள் மேசைப்பந்து ஆடும் கூட்டம் பூப்பந்து மாதிரிப் பெரியதல்ல. ஒரு பெண் பிள்ளை நான்கைந்து வருடம் விடாமல் ஒழுங்காக ஆடினால் மாநிலக் குழுக் கதவு வரைக்கும் போய்விடலாம். அந்தக் கதவுக்கு அப்புறம் அவளுடைய கையும் மனசும். 12 வயது அதற்குத் தாமதம் இல்லை. சிரியாவின் ஹெண்ட் ஸாஸா, போர் நடந்துகொண்டிருந்த ஹாமா நகரத்தில், மின்சாரம் போய்ப் போய் வரும் மண்டபத்தில் பழகி, 12 வயதில் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினாள். முதல் ஆட்டத்திலேயே 39 வயதுக்காரரிடம் தோற்றாள். அவளைத் தோற்றவள் என்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. இதைத் தங்கச்சியிடம் சொல்லுங்கள். மாநிலப் போட்டி முதல் ஆட்டத்தில் தோற்ற பிள்ளைக்கு இது உதவும்.

சரி, எது தீர்மானிக்கும்? நான் பார்த்தவரையில் இரண்டே விஷயம். வாரத்துக்கு எத்தனை நல்ல பந்து அவள் மட்டையில் படுகிறது, தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரரோடு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆடுகிறாள். திறமை, ராசி, 'பிறவிக் கை' என்றெல்லாம் சொல்வார்கள். நான் 26 வருடத்தில் பார்த்த பிறவிக் கைகளில் பாதி 14 வயதில் நின்றுவிட்டன. காரணம், தங்களைவிடச் சின்ன ஆட்டக்காரர்களோடே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் அவள்தான் பெரிய ஆள். அங்கே வரும் பந்து மெதுவாக, உயரமாக, சுழற்சி இல்லாமல் வரும். அதை அவள் அடித்து அடித்து ஜெயிப்பாள். மாநிலப் போட்டியில் எதிரே நின்ற பிள்ளை என்ன செய்திருக்கும் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். குட்டையாக, பேக்ஸ்பின் (பந்து பின்னோக்கிச் சுழலும்படி) போட்டு ஒரு சர்வீஸ். தங்கச்சி வழக்கம்போல் அடித்திருப்பாள், பந்து வலையில். அடுத்தது அதே கை அசைவு, ஆனால் சுழற்சி இல்லை. இவள் இப்போது தூக்கிவிட்டிருப்பாள், பந்து மேசையைத் தாண்டிப் போயிருக்கும். பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்திருக்கும். அவளுக்குத் தான் ஏன் தோற்றோம் என்றே புரிந்திருக்காது, அந்த அழுகை அதுதான். பலம் குறைவால் தோற்ற பிள்ளை அப்படி அழாது.

அதனால் என் முதல் பதில்: ஈப்போவுக்கு அனுப்புங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், நீங்களே தினம் போய்வரும் ரோடு. அங்கே சீனர்கள் நடத்தும் மேசைப்பந்துக் கூடங்கள் உண்டு. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம். உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்ப நாளை வகுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நாள் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். போய்ச் சேர்ந்த முதல் மாதம் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் தோற்பாள். வீட்டில் எல்லாரும் அதற்குத் தயாராக இருங்கள். கூடத்தில் எல்லாரும் கான்டனீஸ் பேசுவார்கள், பயம் வேண்டாம். என் மாணவிகள் இரண்டு மூன்று மாதத்தில் புள்ளியை கான்டனீஸிலேயே எண்ணப் பழகிவிட்டார்கள், அதோடு அந்தக் கூடத்துப் பெரியவர்கள் அவர்களைத் தங்கள் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு பழைய வருத்தத்தைச் சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு மாணவி இருந்தாள், தோட்டத்து லயத்திலிருந்து வருவாள். இடது கைக்காரி. மாநிலத்தில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிரிவில் அரையிறுதி வரை போனாள். மாலைப் பயிற்சி முடிந்தால் ஏழு மணி, கடைசி பஸ் போய்விட்டிருக்கும். கொஞ்ச நாள் நான் என் காரில் கொண்டுபோய் விட்டேன். அப்புறம் எனக்கு வேறு பள்ளிக்கு மாற்றல் வந்தது. பழைய பள்ளியில் யாரும் அதைத் தொடரவில்லை. வயசுக்கு வந்த பெண் இருட்டில் தனியாக வருகிறாள் என்று அப்பா நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. அவள் மட்டையை அவளே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பிள்ளை நின்றது போக்குவரத்தால் மட்டும்தான். உங்கள் தங்கச்சிக்கு ஈப்போவில் வேலை செய்யும் அண்ணன் இருக்கிறார். நான் சொல்லப்போகும் எல்லாவற்றையும்விட அது பெரியது. அப்பாவிடம் பேசும்போது "நானே கூட்டிப்போய் நானே கூட்டிவருவேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மீதி நான்கு நாள் தோட்டத்தில் என்ன செய்வது? இதைத்தான் விரிவாக எழுத ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இங்கேதான் காசில்லாமல் மற்ற பிள்ளைகளை முந்தலாம்.

முதலில் மேசையைச் சோதியுங்கள். பள்ளி மண்டபத்து மேசைகள் பெரும்பாலும் ஊறி, நடுவில் தொய்ந்து கிடக்கும். 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டால் சுமார் 23 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும், அதுதான் விதி. பள்ளி அடிக்கோல் ஒன்றை நிறுத்திப் பாருங்கள். மேசையில் நான்கைந்து இடத்தில் விடுங்கள். ஒரு மூலையில் செத்துப்போய் விழுந்தால் அந்த மூலையில் பயிற்சி வேண்டாம், கை தப்பாகப் பழகும். மேசை உயரம் 76 சென்டிமீட்டர், வலை 15.25. வலை தளர்ந்திருந்தால் இழுத்துக் கட்டுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், பந்து 2.7 கிராம்தான், காற்றில் ஆடும். வியர்க்கும், பரவாயில்லை.

இப்போது சர்வீஸ். இந்த ஆட்டத்தில் எதிராளி தேவைப்படாத ஒரே அடி சர்வீஸ்தான். ஒரு வாளி, ஐம்பது அறுபது பயிற்சிப் பந்து, ஒரு மேசை போதும். விதி எளிது: திறந்த உள்ளங்கையில் பந்து அசையாமல் இருக்க வேண்டும், குறைந்தது 16 சென்டிமீட்டர் நேராக மேலே எறிய வேண்டும், மேசைக் கோட்டுக்குப் பின்னால், மேசை மட்டத்துக்கு மேலே வைத்து அடிக்க வேண்டும், கையாலோ உடம்பாலோ மறைக்கக் கூடாது. தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் பந்தை விரலால் பிடித்து, எறியாமல் அடிப்பார்கள். நடுவர் கண்டித்தால் அன்றைக்கு மனசு உடைந்துவிடும். இதை முதல் வாரமே திருத்துங்கள்.

அப்புறம் பேக்ஸ்பின். ஒரு பந்தை எடுத்து, மார்க்கர் பேனாவால் அதன் நடுவைச் சுற்றி ஒரு கோடு போடச் சொல்லுங்கள், பூமத்திய ரேகை மாதிரி. அந்தக் கோடு வலையை நோக்கி நிமிர்ந்து நிற்கும்படி உள்ளங்கையில் வைத்து எறிந்து, மட்டையை ஏறக்குறைய படுக்கவைத்து, பந்தின் அடிவயிற்றைத் தடவி எடுக்க வேண்டும். தட்டினால் 'டொக்' என்று மரச் சத்தம் வரும். தடவினால் சத்தமே வராது, ரப்பர் பந்தைக் கவ்வும் ஒரு சின்ன உரசல் மட்டும் கேட்கும். தோசைக்கல்லில் மாவை இழுக்கும் கைதான் அது. மணிக்கட்டு தளர்வாக, கடைசி நொடியில் வேகம். சுழற்சி நேராக விழுந்தால் அந்தக் கறுப்புக் கோடு ஓடும்போதும் கோடாகவே தெரியும். சாய்ந்து விழுந்தால் கோடு குழம்பிச் சாம்பல் நிறமாகிவிடும். பயிற்றுநர் இல்லாமலே பந்து அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

அடுத்த படி, பந்து வலையைத் தாண்டி விழுந்து, நின்று, திரும்ப வலையை நோக்கி உருண்டு வர வேண்டும். முதல் தடவை அது நடக்கும்போது பிள்ளை முகத்தைப் பாருங்கள். என் மாணவர்கள் ஒவ்வொருவரும் மண்டபம் முழுக்கக் கத்தியிருக்கிறார்கள். அது வந்த பின், அதே கை அசைவில் சுழற்சியே இல்லாத பந்தைப் போடப் பழக்குங்கள். மட்டையின் நுனிப் பக்கத்தில் பட்டால் சுழற்சி அதிகம், கைப்பிடிப் பக்கத்தில் பட்டால் குறைவு. அவளை மாநிலப் போட்டியில் ஏமாற்றிய வித்தை இதுதான். தன் கையாலேயே அதைச் செய்யப் பழகிய பிள்ளை, எதிரே வரும்போது ஏமாறாது. ஒரு நாளைக்கு 200 சர்வீஸ், மேசையில் ஏ4 தாள் ஒன்றை இலக்காக வைத்து. எத்தனை தாளில் விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும்.

அடுத்தது நீங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? வாளி நிறையப் பந்தை வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குப் போடும் பயிற்சியை ஈப்போ கூடத்தில் பயிற்றுநர் செய்வதைப் பார்ப்பீர்கள். உங்களுக்கு ஆடத் தெரிய வேண்டாம், போடத் தெரிந்தால் போதும். பந்தை மேசையில் ஒரு குத்து குத்தி, எழும்பும்போது தள்ளிவிட வேண்டும். ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம், ஒரே தாளத்தில். இருபது பந்து, அரை நிமிட ஓய்வு, மறுபடி இருபது. அவள் எங்கே அடிக்கிறாள் என்று பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். குதிகால் தரையில் ஒட்டியிருந்தால் நிறுத்துங்கள்.

காலைப் பற்றி ஒரு நினைவு. 2016இல் உலகக் குழுப் போட்டி ஷா ஆலாம் மலாவாத்தி அரங்கில் நடந்தது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். சீனாவின் டிங் நிங், லியூ ஷிவென் எல்லாம் நேரில் ஆடினார்கள். "பந்தைப் பார்க்காதீங்க, முழங்காலுக்குக் கீழே மட்டும் பாருங்க" என்றேன். ஐந்து நிமிடம் கழித்து ஒரு பையன் சொன்னான்: "சார், இவங்க அடிச்ச உடனே ஒரு சின்னக் குதி குதிக்கிறாங்க, ஒவ்வொரு தடவையும்." அவ்வளவுதான். அந்தச் சின்னக் குதிதான் அடுத்த பந்துக்குத் தயாராவது. பந்து எதிர்முனையிலிருந்து வர அரை விநாடிகூட ஆகாது. வந்த பின் காலைத் தூக்கினால் எட்டாது. அந்தப் பையன் அன்றிலிருந்து வேறு ஆட்டக்காரன் ஆனான்.

மட்டை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கடைக்காரர் கார்பன் சேர்த்த பலகையைக் காட்டுவார், இப்போதைக்கு வேண்டாம். ஐந்து அடுக்கு மரப் பலகை, இரண்டு பக்கமும் வழவழப்பான ரப்பர், நடுத்தர ஸ்பாஞ்ச். வேகமான மட்டை கொடுத்தால் பிள்ளை தடவாமல் தட்டப் பழகிவிடும். விலை உயர்ந்த ரப்பர் ஒரு பக்கத்துக்கே இருநூறு ரிங்கிட்டைத் தொடும். சீன ரப்பர் அதில் பாதிக்கும் கீழே கிடைக்கும், கவ்வும் தன்மை அதில்தான் அதிகம். ஆடி முடித்ததும் ஈரப் பஞ்சால் துடைத்து, பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடுங்கள். நம் ஊர் ஈரத்திலும் கை வியர்வையிலும் ரப்பர் வழுக்கும், பக்கத்தில் ஒரு துண்டு எப்போதும் வேண்டும். (அந்த ரப்பரில் மரத்துப் பாலும் கலந்திருக்கிறது. என் அம்மா சீவிய பால் எந்த நாட்டுப் பிள்ளையின் மட்டையில் போய் ஒட்டியதோ என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு.)

படிப்பைப் பற்றி அம்மா கவலைப்படுவது நியாயம். வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி படிப்பைக் கெடுக்காது, கைப்பேசிதான் கெடுக்கும். இன்னொன்று, எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகள்) முடித்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு (விளையாட்டு, கழகம் போன்றவை). மாநில அளவில் ஆடிய சான்றிதழ் அங்கே கைகொடுக்கும். எல்லாச் சான்றிதழையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், மழையில் நனையாத இடத்தில்.

பாதை எப்படிப் போகும் என்றும் கேட்டிருந்தீர்கள். அடுத்த வருடம் ஒன்றாம் படிவம் (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு). 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிரிவில் முதலில் மாவட்டம், அங்கிருந்து பேராக் மாநிலம், அதில் தேர்வானால் தேசியப் பள்ளிகள் போட்டி, எம்எஸ்எஸ்எம். அதற்கு மேலே மாநிலங்களுக்கிடையே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் மலேசிய விளையாட்டுப் போட்டி, சுக்மா. எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவெடுக்கும்முன் போய்க் கேளுங்கள்: மேசைப்பந்துக்குப் பொறுப்பாசிரியர் யார், மேசை எத்தனை, மண்டபம் எத்தனை மணி வரை திறந்திருக்கும். பெயர் பெற்ற பள்ளியைவிடச் சாவியைக் கொடுக்கும் ஆசிரியர் உள்ள பள்ளி நல்லது. உலகத் தரவரிசை என்பது வெளிநாட்டுப் போட்டிகளில் ஆடி, 12 மாதத்தில் கிடைத்த சிறந்த எட்டு முடிவுகளைக் கூட்டி வருவது. இளையோருக்கு 11 வயதுப் பிரிவிலிருந்தே அப்படிப் போட்டிகள் இருக்கின்றன. ஆனால் விமான டிக்கெட் வாங்கிக் கடனாளி ஆக வேண்டாம். மாநிலக் குழுவுக்குள் வந்த பின் அதைப் பேசலாம்.

இரண்டு வருடம் கொடுங்கள். அதற்குள் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். தோற்ற ஆட்டத்தைப் பற்றித் தானாக வந்து பேசுகிறாளா? யாரும் சொல்லாமல் சர்வீஸ் வாளியைத் தூக்குகிறாளா? ஈப்போ கூடத்தில் முதல் மாதம் தன்னைத் தோற்கடித்த பிள்ளைகளில் இரண்டு மூன்று பேரையாவது திருப்பித் தோற்கடித்துவிட்டாளா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து அடுத்த கட்டத்தைப் பேசுங்கள். விளையாட்டுப் பள்ளித் தேர்வுக்கு அனுப்புவதை அப்போது யோசிக்கலாம். இல்லை என்றாலும் அவளைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். செலவழித்த காசைச் சொல்லிக்காட்டக் கூடாது, கோபத்தில்கூட. இதை அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே பேசி வாக்கு வாங்கிவிடுங்கள்.

இப்போதைக்கு இந்தச் சனிக்கிழமை அடிக்கோலும் மார்க்கர் பேனாவும் எடுத்துக்கொண்டு அவளோடு மண்டபத்துக்குப் போங்கள். அவள் போடும் பத்து சர்வீஸைக் கைப்பேசியில் பிடியுங்கள், பக்கவாட்டிலிருந்து, கையும் மேசை விளிம்பும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி. எனக்கு அனுப்பி வையுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.